காஸ்ட் அயர்ன் புல்லட் 350: ஃபெல்ட் ஃபில்டரைக் கழுவிப் போடலாமா, மாத்தியே ஆகணுமா?

கரூர்_ஸ்டாண்டர்ட்

எல்லாருக்கும் வணக்கம். வண்டி ராயல் என்ஃபீல்டு புல்லட், 1986 மாடல் ஸ்டாண்டர்ட் 350 (பழைய இரும்பு சிலிண்டர் இன்ஜின்), பெரிய மாமாவோடது. ரொம்ப நாள் தாழ்வாரத்துலயே நின்னுச்சு. பிளக், பாயின்ட், கார்புரேட்டர் எல்லாம் பார்த்து ஸ்டார்ட் பண்ணியாச்சு, ஓடுது.

பக்கத்துப் பட்டறையில ஆயில் மாத்தக் கொடுத்தேன். அடியில ஒரே ஒரு போல்ட்டைக் கழட்டி வடிச்சுட்டு புது ஆயில் ஊத்திட்டாங்க. "ஃபில்டர்?"னு கேட்டதுக்கு, "புல்லட்டுக்கு எதுக்கு சார் ஃபில்டரு, ஆயிலை மட்டும் மாத்தினா போதும்"னு பதில். மனசு கேக்கல. வீட்டுக்கு வந்து வலது பக்க டைமிங் கவர்ல இருக்கற ஃபில்டர் மூடியை நானே திறந்தேன். உள்ள இருக்கற ஃபெல்ட் (கம்பளி மாதிரி நாரால ஆன வடிகட்டி) கன்னங்கரேல்னு, தொட்டா பிசினா ஒட்டுது. மூடிக்குள்ள அடியில தேங்கின ஆயில்ல ஜிகினாத் தூள் மாதிரி சாம்பல் மினுமினுப்பு. போட்டோ போட்டிருக்கேன்.

கேள்விகள்: ஃபெல்ட்டைப் பெட்ரோல்ல கழுவிப் போடலாமா, புதுசா? காகித எலிமென்ட்டும் வருதாமே, அது நல்லதா? என்ன ஆயில், எவ்வளவு? டீசல் ஊத்தி ஃப்ளஷ் பண்ணலாமா? எல்லாத்துக்கும் மேல, அந்த மினுமினுப்புக்கு நான் பயப்படணுமா?

---

தட்தட்_திருச்சி

ப்ரோ ஓவரா யோசிக்காதீங்க. 20டபிள்யூ50 ஆயிலை ஊத்துங்க, ஓட்டுங்க. எங்கப்பா முப்பது வருஷமா ஃபில்டர் மூடியைத் தொட்டதே கிடையாது. வண்டி இன்னும் குத்துக்கல்லா நிக்குது.

---

மேகலா_மவுண்ட்ரோடு

நிக்குதா, ஓடுதா? 😀

---

ஒற்றியூர்_பழசு

தம்பி கரூர், முதல்ல அந்த மூடியில இருக்கற வண்டலைக் கீழ கொட்டிடாதே. ஒரு கண்ணாடிக் கிண்ணத்துல வழிச்சு வை. அப்புறமா ஒரு காந்தம் எடு. பழைய ஸ்பீக்கர் காந்தம் இருந்தா நல்லது. அதை ஒரு பாலிதீன் கவர்ல சுத்தி வண்டலுக்குள்ள விட்டு எடு. ஒட்டுதான்னு பார். மத்த கேள்விக்கெல்லாம் அதுக்கு அப்புறம் பதில் சொல்றேன்.

தட்தட் தம்பிக்கு ஒரு வார்த்தை. உங்கப்பா வண்டி ஓடுதுன்னா அவர் ஒழுங்கா ஆயில் மாத்தியிருக்கார்னு அர்த்தம். ஃபில்டர் தேவையில்லைன்னு அர்த்தம் இல்லை. ரெண்டும் வேற வேற.

இந்த இன்ஜின்ல ஆயில் எந்த வழியாப் போகுதுன்னு தெரிஞ்சா பாதிக் கேள்வி தானா தீர்ந்துடும். ஆயில் டாங்க் தனியா வெளியில தொங்காது. கிராங்க் கேஸ் வார்ப்புலயே பின்பக்கம் ஒரு அறையா இருக்கு. டைமிங் கவருக்குள்ள ரெண்டு பம்பு. ஒண்ணு டாங்க்ல இருந்து ஆயிலைத் தள்ளுது, இன்னொண்ணு கிராங்க்குக்கு அடியில வடியறதைத் திருப்பி இழுத்து டாங்குக்கு அனுப்புது. கிராங்க் முனையில இருக்கற வார்ம்னு சொல்ற திருகுப் பல்தான் ரெண்டையும் சுத்துது. தள்ளுற ஆயில் நேரா ஃபில்டர் அறைக்கு வருது. ஃபெல்ட்டைத் தாண்டி, டைமிங் கவர் துளை வழியா கிராங்க் முனைக்குள்ள நுழைஞ்சு பிக் எண்டுக்கு, அதாவது பிஸ்டன் ராடு கிராங்க்கோட சேர்ற மூட்டுக்குப் போகுது. சிலிண்டர் சுவருக்கு ஆயில் அங்கிருந்து தெறிக்கறதுதான். தலையில வால்வை அமுக்கற ராக்கருக்கு வெளிய ஒரு சின்ன பைப் ஏறுது பார், அது தனிக் கிளை.

அதாவது பிக் எண்டுக்குப் போற ஒவ்வொரு சொட்டும் அந்த ஃபில்டர் அறையைத் தாண்டித்தான் போகணும். "எதுக்கு ஃபில்டரு"ன்னு கேக்கறவங்க இதை ஒரு தடவை கவர் கழட்டிப் பார்க்கணும்.

---

கரூர்_ஸ்டாண்டர்ட்

பார்த்துட்டேண்ணே. காந்தத்துல கருப்பா கொஞ்சம் மயிர் மயிரா ஒட்டுச்சு, ரொம்பக் கம்மி. மினுமினுக்கற சாம்பல் தூள் ஒட்டவே இல்லை. விரல்ல தேய்ச்சா நறநறன்னு இல்லை, வழவழன்னு பரவுது.

---

ஒற்றியூர்_பழசு

இரும்பு கம்மியா இருக்கறது நல்ல சேதி. ஒட்டாதது ரெண்டுல ஒண்ணு. பிஸ்டன்ல இருந்து வந்த அலுமினியமா இருக்கலாம். இல்லேன்னா பிக் எண்ட் புஷ்ல இருந்து வந்த ஒயிட் மெட்டலா (பேரிங்குக்குப் பூசற மெத்து உலோகக் கலவை) இருக்கலாம். உன் வருஷத்து வண்டியில, யாரும் மாத்தியிருக்கலேன்னா, பிக் எண்ட்ல ரோலர் கிடையாது, ஃப்ளோட்டிங் புஷ். ஸ்டீல் வளையம், உள்ளயும் வெளியயும் ஒயிட் மெட்டல் பூச்சு, ராடுக்கும் பின்னுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் ஆயில் படலத்துலயே மிதக்கணும். ரோலர் கொஞ்ச நேரம் வறட்சியைத் தாங்கும். புஷ் தாங்காது.

எது எதுன்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. வண்டலைப் பெட்ரோல்ல ரெண்டு மூணு தடவை அலசி, பெட்ரோல் முழுசா ஆவியாகிற வரைக்கும் காய வை. அலுமினியப் பாத்திரம் கூடாது, கண்ணாடிதான். தனியா ஒரு டம்ளர் தண்ணியில கொஞ்சம் காஸ்டிக் சோடா கரைச்சுக்க. சோப்பு பண்ற சாமான் விக்கற கடையில கிடைக்கும். தண்ணியில சோடாவைப் போடணும், சோடா மேல தண்ணியை ஊத்தக் கூடாது. கைக்குக் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி ரெண்டும் கட்டாயம், பட்டா தோல் வெந்துடும். அந்தக் கரைசலைத் தூள் மேல சொட்டு. நுரைச்சுப் பொங்கி, தூள் கரைஞ்சா அலுமினியம். பேசாம கிடந்தா ஒயிட் மெட்டல். வர்ற வாயு ஹைட்ரஜன், அதனால மொட்டை மாடியில பண்ணு, பக்கத்துல யாரும் பீடி பத்த வைக்கக் கூடாது.

---

கொங்கு_ராடு

அண்ணன் சொல்ற சோதனை அருமை, எங்க லேத் பட்டறையிலயும் இதே முறைதானுங்க. அது நடக்கறப்பவே நான் ஆயில் விஷயத்துக்கு வர்றேன். ஆளாளுக்குக் குழப்பி விடுவாங்க.

கடைக்காரர் "பைக் ஆயில்தான் வேணும், ஜாசோ எம்ஏ போட்டதைப் பாருங்க"ம்பார். அது ஈரக் கிளட்ச்சும் இன்ஜினும் ஒரே ஆயில்ல குளிக்கற வண்டிக்கு. கிளட்ச் வழுக்கக் கூடாதுன்னு வெச்ச தரம். காஸ்ட் அயர்ன் புல்லட்ல கிளட்ச் இடது பக்கம் செயின் கேஸ்ல தனியா இருக்குதுங்க, கியர் பாக்ஸ் இன்னும் தனி. அதனால இன்ஜினுக்கு ஊத்தற ஆயில்ல ஜாசோ முத்திரை இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான். செயின் கேஸுக்கு ஊத்தற ஆயில்ல மட்டும் அதைப் பாருங்க.

அடுத்தது ஜிங்க், உரசற இடம் தேயாம இருக்க ஆயில்ல சேர்க்கறது. இந்த இன்ஜின்ல டாப்பட் அடி தட்டை, கேம் மேல உரசித்தான் ஓடுது. புது ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) தரத்து ஆயில்ல ஜிங்க், பாஸ்பரஸைக் குறைச்சுட்டாங்க, பழைய இன்ஜின் கேம் தேய்ஞ்சுடும்னு ஒரு பயம் பரவிக் கிடக்குது. அந்த 0.08 சதவீத பாஸ்பரஸ் உச்சவரம்பு 5டபிள்யூ30, 10டபிள்யூ30 மாதிரி மெல்லிசான கிரேடுக்குத்தானுங்க. 20டபிள்யூ50க்கு அது பொருந்தாது. கடையில கிடைக்கற நல்ல மினரல் 20டபிள்யூ50 எதுவா இருந்தாலும் போதும். இருநூறு ரூபாய் அதிகம் கொடுத்து வெளிநாட்டு டப்பா வாங்கறது அவங்கவங்க ஆசை.

மெல்லிசு மட்டும் வேண்டாம். 50 கிரேடு ஆயில் நூறு டிகிரியில குறைஞ்சது 16.3 சென்டிஸ்டோக் தடிப்பு நிக்கணும். 40 கிரேடு 12.5ல இருந்து தொடங்குது. கரூர் வெயில்ல, காத்துல மட்டும் குளிர்ற இரும்பு சிலிண்டர், அதுவும் புஷ் பிக் எண்ட். எனக்கு அந்த வித்தியாசம் வேணும். முன்னால இருக்கற 20டபிள்யூ குளிர் நாட்டுக் கணக்கு, நமக்கு ஊட்டியிலகூட அது பிரச்சினை இல்லைங்க.

---

டைகர்ட்வின்

ஒரு சின்ன குறுக்கீடு. என்னிடம் இருப்பது அறுபதுகளின் டிரையம்ப் 650. அதில் ஃபில்டர் என்று சொல்லிக்கொள்ள கம்பி வலை மட்டும்தான். உண்மையான ஃபில்டர் கிராங்க்குக்குள் இருக்கும் ஸ்லட்ஜ் குழாய். கிராங்க் சுழலும் வேகத்தில் கனமான அழுக்கு வெளிப்பக்கம் ஒதுங்கி அந்தக் குழாயில் படியும். அதைச் சுத்தம் பண்ண இன்ஜினை முழுசாகப் பிரிக்க வேண்டும்.

அதனால்தான் அந்தக் காலத்து ஆட்கள் டிடர்ஜென்ட் இல்லாத ஒற்றை கிரேடு ஆயிலைப் பிடித்துக்கொண்டார்கள். அழுக்கு ஓரிடத்தில் படிந்து கிடக்கட்டும் என்பது அவர்கள் கணக்கு. நவீன மல்டிகிரேடு அழுக்கைப் படிய விடாமல் ஆயிலிலேயே மிதக்க வைத்து ஃபில்டருக்குக் கொண்டுபோகும். ஃபில்டரே இல்லாத இன்ஜினில் அந்த அழுக்கு எங்கே போகும்?

கரூர் நண்பர் வண்டி பல வருஷம் நின்றது. உள்ளே என்ன ஆயில் இருந்தது என்று தெரியுமா? திடீரென்று டிடர்ஜென்ட் ஆயில் ஊற்றினால் பழைய படிவு பெயர்ந்து வரும் என்ற பயம் எனக்கு உண்டு.

---

ஒற்றியூர்_பழசு

டைகர் சார் சொல்றது டிரையம்ப்புக்கு நூத்துக்கு நூறு சரி. ஆனா புல்லட்ல ஃபெல்ட் இருக்கே, பிக் எண்டுக்கு முன்னாடியே இருக்கே. படிவு பெயர்ந்து வந்தா ஃபெல்ட்ல மாட்டும். அதனாலதான் நின்ன வண்டிக்கு முதல் ஆயிலை விலை கம்மியாப் போடு, இருநூறு முந்நூறு கிலோமீட்டர்ல மறுபடி வடின்னு சொல்றது. ரெண்டு தடவையும் ஃபெல்ட் புதுசு.

---

டைகர்ட்வின்

படிவு ஃபெல்ட்டில் மாட்டினால் ஃபெல்ட் அடைபடும். அடைபட்டால் பிக் எண்டுக்கு ஆயில் குறையும். முந்நூறு கிலோமீட்டர் என்பதை நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

---

ஒற்றியூர்_பழசு

சரி சார், நூறு கிலோமீட்டர்ல மூடியைத் திறந்து பார்க்கட்டும். ஃபெல்ட் மாத்தற நிலைமையில இருந்தா மாத்தட்டும். ஆயில் இருக்கட்டும். இதுல நமக்குள்ள சண்டை எதுக்கு.

---

ஜாவா_மைசூர்_அல்ல_மதுரை

எங்க யெஸ்டி டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு இந்தத் தலைவலியே இல்லை 😎 பெட்ரோல்ல டூடி ஆயில் கலந்தோமா, போனோமான்னு இருக்கோம். ஃபில்டராவது ஒண்ணாவது.

---

மேகலா_மவுண்ட்ரோடு

கியர் பாக்ஸ் ஆயிலை எப்ப மாத்தினீங்க? அதுல கிளட்ச்சும் குளிக்குது. வண்டி வெள்ளையா புகை விட்டு, கியர் ஆயில் மட்டம் தானா குறைஞ்சா, கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் போயிடுச்சு, இன்ஜின் கியர் ஆயிலைக் குடிக்குதுன்னு அர்த்தம்.

---

ஜாவா_மைசூர்_அல்ல_மதுரை

...பார்த்துட்டு வர்றேன்.

---

கரூர்_ஸ்டாண்டர்ட்

சோதனை பண்ணியாச்சு. மொட்டை மாடியில வெச்சு, நீங்க சொன்னபடி கையுறை கண்ணாடியோட. கரைசல் பட்டதும் ஒரு நொடி சும்மா இருந்துச்சு. அப்புறம் ஓரத்துல இருந்து சின்னச் சின்னக் குமிழி. அப்புறம் மொத்தமா சுருசுருன்னு நுரைச்சு, கிண்ணம் வெளிய தொட்டாலே சூடு. அடங்கினதுக்கு அப்புறம் பார்த்தா மினுமினுப்பு பெரும்பாலும் காணோம். கருப்பா கொஞ்சம் கசடு மட்டும் தங்குச்சு.

மாமாகிட்ட போன்ல கேட்டேன். நிறுத்தி வைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை தேனி போற வழியில பிஸ்டன் ஜாம் ஆகி, சிலிண்டரைக் கடைஞ்சு ரீபோர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டாங்களாம். ஃபில்டர் மாத்தினதா ஞாபகம் இல்லைன்னாரு.

---

ஒற்றியூர்_பழசு

அப்ப கதை தெளிவு. ஜாம் ஆன பிஸ்டனோட அலுமினியம் அடியில இறங்கி, அத்தனை வருஷமா ஃபில்டர் அறையில உட்கார்ந்திருக்கு. ரீபோர் பண்ணினவங்க சிலிண்டரை மட்டும் பார்த்திருக்காங்க, கீழே சுத்தம் பண்ணல. இது ரொம்ப சகஜம். பிக் எண்ட் இன்னும் நல்லா இருக்க வாய்ப்பு அதிகம். வண்டி சூடானதும் மூணாவது கியர்ல லோடுல ஏத்தி, ஆக்சிலேட்டரை மூடற அந்த நொடியில அடியில இருந்து "டொக் டொக்"னு கனமா சத்தம் வருதான்னு மட்டும் கவனி. வரலேன்னா கவலையை விடு.

இனி ஃபில்டர் போடற முறை. ஒவ்வொண்ணா சொல்றேன், அவசரப்படாதே.

ஃபெல்ட்டைக் கழுவிப் போடலாமான்னு கேட்டே. அந்தக் காலத்துல போட்டோம், புதுசு கிடைக்காத காலம். இப்ப சென்னையில ஜி.பி. ரோடு, புதுப்பேட்டைன்னு எங்க கேட்டாலும் கிடைக்குது. உன்னோடதுல அலுமினியத் தூள் ஏறியிருக்கு, அது நாருக்குள்ள இருந்து எந்தப் பெட்ரோலுக்கும் வெளிய வராது. தூக்கிப் போடு.

வாங்கும்போது ஃபெல்ட்டை அமுக்கிப் பார். கம்பிக்கூட்டோட ரெண்டு நுனியிலயும் ஃபெல்ட் இறுக்கமா இருக்கணும். சில சரக்கு நுனியில தொளதொளன்னு இருக்கும். ஆயில் சுலபமான வழி கிடைச்சா அதுலதான் போகும், ஃபெல்ட்டைத் தாண்டாது. அப்படி ஒரு ஃபில்டர் போட்டதும் போடாததும் ஒண்ணு.

பழசைக் கழட்டும்போது வாஷர், ஸ்பிரிங், எலிமென்ட், மூடின்னு எந்த வரிசையில வந்துச்சோ அதே வரிசையில ஒரு துணியில அடுக்கி போட்டோ எடுத்துக்க. ஸ்பிரிங்தான் எலிமென்ட்டை அதோட உட்காருமிடத்துல அழுத்திப் பிடிக்கணும். ஒரு வாஷர் தவறினாலும் அழுத்தம் போச்சு. அறையோட உட்புறத்தை பனியன் வேஸ்ட்ல துடைக்காதே, நூல் பிரிஞ்சு உள்ள போகும். நூல் விடாத காட்டன் துணி, கடைசியில விரல்.

---

கொங்கு_ராடு

பனியன் வேஸ்ட்டைப் பழிச்சா திருப்பூர்க்காரன் எனக்கு வலிக்குமுங்க 😄 ஆனா உண்மை.

காகித எலிமென்ட் பத்தி: என் வண்டியில அதுதான் ஓடுது. மடிப்பு மடிப்பா இருக்கறதால பரப்பு அதிகம், ஃபெல்ட்டை விட நைஸான தூளைப் பிடிக்கும். கழுவற பேச்சே கிடையாது, தூக்கிப் போட்டுடணும்.

---

ஒற்றியூர்_பழசு

காகிதம் நைஸாப் பிடிக்கும், ஒத்துக்கறேன். நைஸாப் பிடிச்சா சீக்கிரம் அடைக்கும். இந்தப் பம்பு கார் பம்பு மாதிரி அழுத்தமாத் தள்ளற ரகம் இல்லை, மெதுவா சுத்தற பம்பு. சுத்தமான இன்ஜின்ல காகிதம் போடு. கரூர் தம்பி வண்டி மாதிரி கசடு வர்ற இன்ஜின்ல முதல்ல ஃபெல்ட்.

---

கொங்கு_ராடு

அதுக்கு நான் மறுப்பு சொல்லலீங்க.

---

ஒற்றியூர்_பழசு

இனிதான் முக்கியமான இடம். நான் பார்த்த வரைக்கும் இந்த இன்ஜின்ல பிக் எண்ட் போனது பழைய ஃபில்டரால இல்லை. ஃபில்டரை மாத்தின அன்னிக்குத்தான் அதிகம் போயிருக்கு. ஏன்னா அறை காலி. புது ஃபெல்ட் காய்ஞ்சு கிடக்கு, அது வேற ஆயிலை உறிஞ்சும். பம்பு அந்த அறையை நிரப்பி முடிக்கற வரைக்கும் பிக் எண்டுக்கு ஒண்ணும் போகாது. ஆள் என்ன பண்றான்? மூடியை மாட்டினான், உதைச்சான், "சத்தம் சூப்பர்"னு ஆக்சிலேட்டரை முறுக்கறான்.

நீ இப்படிப் பண்ணு. ஃபெல்ட்டை முதல்ல புது ஆயில்ல நல்லா ஊற வை. வண்டியை இடது பக்கம் லேசாச் சாய்ச்சு யாரையாவது பிடிக்கச் சொல்லி, ஃபில்டர் அறையில முடிஞ்ச வரைக்கும் ஆயில் ஊத்தி, மூடியை மாட்டு. பிளக்கைக் கழட்டிடு. ராக்கர் பைப் தலையில சேர்ற பேஞ்சோ போல்ட்டை (ஆயில் போக உள்ள துளை இருக்கற போல்ட்) கொஞ்சம் தளர்த்து. பொறுமையா உதை. கால் வலிக்கும், பரவாயில்லை. அந்தப் போல்ட்டுல ஆயில் கசியற வரைக்கும் உதை. கசிஞ்சா பம்பு சுத்துது, ஆயில் சுத்துதுன்னு அர்த்தம். போல்ட்டை இறுக்கிட்டு, பிளக் மாட்டி, ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஐட்லிங்ல விடு. முறுக்காதே.

எவ்வளவு உதைச்சும் ஆயில் வரலேன்னா ஸ்டார்ட் பண்ணவே கூடாது. எழுது, பார்க்கலாம்.

இன்னொண்ணு. டைமிங் கவரை எப்பவாவது முழுசாக் கழட்டினா, கிராங்க் முனை நுழையற இடத்துல சின்னதா ஒரு கார்க் சீல் இருக்கும். அதை மாத்தாம கவரை மூடாதே. ரெண்டு விரல் நுனி அகலம்கூட இருக்காது. அது கிழிஞ்சா, ஃபில்டர் தாண்டி வந்த ஆயில் கிராங்க்குக்குள்ள போகாம டைமிங் பெட்டிக்குள்ளயே வழிஞ்சுடும். ராக்கர்ல ஆயில் வரும், எல்லாம் சரின்னு தோணும், பிக் எண்ட் மட்டும் பட்டினி.

---

தட்தட்_திருச்சி

இதை இப்பத்தான் கேள்விப்படறேன். எங்கப்பா வண்டிக்குப் போன வருஷம் டைமிங் கவர் கழட்டினாங்க. சீல் எதுவும் பில்லுல இல்லை. 😟

---

மேகலா_மவுண்ட்ரோடு

பில்லுல இல்லேன்னா வண்டியிலயும் இல்லைன்னு வெச்சுக்கிட்டு ஒரு தடவை திறந்து பார்த்துடுங்க. பம்பு வார்ம் பிடிக்கற நட்டு இடது மரை, அதைத் தெரியாம சுத்தி உடைச்சவங்க நிறைய பேர். வார்மைக் கழட்டாம கவரை மட்டும் எடுத்தா சீலைப் பார்த்துடலாம்.

கரூர் அண்ணா, டிரெய்ன் போல்ட் விஷயம் யாரும் இன்னும் சொல்லல. அடியில ஒரே ஒரு போல்ட்டைத்தான் கழட்டினாங்கன்னு எழுதியிருந்தீங்க. பின்னால இருக்கறது டாங்க். முன்னால கிராங்க் குழிக்கு வேற ஒண்ணு. ரெண்டையும் கழட்டினாத்தான் பழைய ஆயில் போகும். நின்ன வண்டியில பம்புத் தட்டு வழியா டாங்க் ஆயில் மெல்லக் கசிஞ்சு கிராங்க் குழிக்குள்ள இறங்கியிருக்கும். அதுக்கு மேல டாங்க்ல புது ஆயிலை ஊத்தினா மொத்தம் அளவுக்கு மீறிப் போகும். ஸ்டார்ட் பண்ணினதும் நீலமா புகை, இன்ஜின் காத்து விடற பிரீதர் குழாய்ல ஆயில் கக்கும். உடனே "ரிங்ஸ் போச்சு"ன்னு செலவு வைப்பாங்க.

செப்பு வாஷர் பழசா இருந்தாத் தூக்கிப் போடத் தேவையில்லை. அடுப்புல இடுக்கியால பிடிச்சு, செவக்கற வரைக்கும் காட்டி, தண்ணியில போடுங்க. கறுப்பா ஆகும், ஆனா மெத்துனு ஆயிடும், மறுபடி அமுங்கிப் பிடிக்கும். கிராங்க் கேஸ் அலுமினியம், போல்ட் இரும்பு. நீள ஸ்பேனர்ல தொங்கினா மரை வழிச்சுக்கிட்டு வரும்.

---

கரூர்_ஸ்டாண்டர்ட்

நீல புகை வந்துச்சு! நான் ரிங்ஸ்தான்னு நினைச்சு தூக்கமில்லாம கிடந்தேன். இப்ப ரெண்டு போல்ட்டையும் கழட்டினேன். முன்பக்கத்துல இருந்து ஒரு லோட்டா நிறைய வந்துச்சு.

அப்ப மொத்த அளவு எவ்வளவு? மட்டம் எப்பப் பார்க்கறது?

---

மேகலா_மவுண்ட்ரோடு

மொத்தம் இரண்டே கால் லிட்டர் கிட்ட. ஆனா எவ்வளவு வடிச்சாலும் உள்ள கொஞ்சம் தங்கும். அதனால முதல்ல ரெண்டு லிட்டர் ஊத்துங்க, ஓட்டிட்டு வந்து ஆயில் மட்டம் பார்க்கற குச்சியைப் பாருங்க, மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமா. காலையில வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி குச்சியைப் பார்த்து "குறைஞ்சிருக்கே"ன்னு ஊத்தவே கூடாது. ராத்திரி முழுக்க கீழ இறங்கினது குச்சியில தெரியாது. ஓடி முடிச்சு ரெண்டு நிமிஷம் கழிச்சுப் பார்க்கறதுதான் கணக்கு.

---

கரூர்_ஸ்டாண்டர்ட்

டீசல் ஃப்ளஷ்?

---

கொங்கு_ராடு

வேண்டாமுங்க.

---

டைகர்ட்வின்

வேண்டாம்.

---

தட்தட்_திருச்சி

எங்க மெக்கானிக் எப்பவும் பண்ணுவாரு...

---

ஒற்றியூர்_பழசு

பண்ணுவாங்க, தெரியும். டீசல் ஊத்தி ஸ்டார்ட் பண்ணினா அந்த ரெண்டு நிமிஷமும் ஃப்ளோட்டிங் புஷ் டீசல்ல மிதக்கணும். அது மிதக்காது. வடிச்சதுக்கு அப்புறமும் ஃபில்டர் அறை, பம்பு, கிராங்க் துளை எல்லாத்துலயும் டீசல் தங்கும். அது புது ஆயிலை நீர்க்க வைக்கும். ஸ்டார்ட் பண்ணாம சும்மா ஊத்தி வடிச்சா அடிக்கசடு கொஞ்சம் வரும், அதுக்குத் தடை இல்லை. விலை கம்மி ஆயில்ல கொஞ்ச தூரம் ஓட்டி வடிக்கறதுதான் எனக்குத் தெரிஞ்ச ஃப்ளஷ்.

---

சிடி100_சிவகங்கை

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கவும். என்கிட்ட ஹீரோ ஹோண்டா சிடி100, ஆரம்பக் காலத்து வண்டி. அதுல ஃபில்டரே கண்ணுக்குத் தெரியல. ஆயில் மட்டும் மாத்தினா போதுமா?

---

மேகலா_மவுண்ட்ரோடு

கண்ணுக்குத் தெரியற மாதிரி எலிமென்ட் கிடையாது. வலது கவருக்குள்ள ரெண்டு இருக்கு. அடியில ஒரு கம்பி வலை, கிராங்க் முனையில ஒரு ரோட்டர். ஆயில் அந்த ரோட்டருக்குள்ள நுழைஞ்சு சுத்தும்போது கனமான அழுக்கெல்லாம் ஓரத்துல ஒதுங்கிப் படியும். டைகர் சார் சொன்ன டிரையம்ப் குழாயோட அதே தத்துவம், ஆனா இதைக் கவரைக் கழட்டினாலே சுத்தம் பண்ணிடலாம். பல வண்டியில வாங்கின நாள்ல இருந்து யாருமே திறந்திருக்க மாட்டாங்க. திறந்தா சுவர்ல களிமண்ணா ஒட்டியிருக்கும், ஸ்க்ரூ டிரைவர் நுனியால சுரண்டித்தான் எடுக்கணும். ஆயில் ஒரு லிட்டருக்குள்ளதான் அந்த இன்ஜின்ல, அதனால சீக்கிரம் கறுக்கும். கேஸ்கெட் முன்னாடியே வாங்கி வெச்சுட்டுத் திறங்க.

---

நடத்துநர்

சிடி100, யெஸ்டி கேள்விகளுக்குத் தனி இழை தொடங்கவும். இங்கே காஸ்ட் அயர்ன் புல்லட் மட்டும்.

---

கரூர்_ஸ்டாண்டர்ட்

முடிஞ்சுது. புது ஃபெல்ட், மினரல் 20டபிள்யூ50, செப்பு வாஷர் அடுப்புல காட்டிப் போட்டேன் (வீட்டுல திட்டு தனி). பேஞ்சோ போல்ட்டைத் தளர்த்திட்டு உதைச்சேன், உதைச்சேன், ஒண்ணும் வரல. எழுதலாம்னு போனை எடுக்கறப்ப என் தம்பி "இருண்ணா"ன்னு அவன் உதைச்சான். முதல்ல சின்னதா காத்துக் குமிழி, அப்புறம் தேன் நிறத்துல ஆயில் மரை ஓரமா வழிஞ்சு ஃபின்னுக்கு இறங்குச்சு. அஞ்சு நிமிஷம் ஐட்லிங். நீலப் புகை நின்னுடுச்சு. மூணாவது கியர்ல மூடிப் பார்த்தேன், டொக் சத்தம் இல்லை.

நூறு கிலோமீட்டர் ஆனதும் மூடியைத் திறந்தேன். ஃபெல்ட் பழுப்பா இருக்கு, கறுப்பு இல்லை. மினுமினுப்பு விரல் நுனியில ஒட்டற அளவு. அதே ஃபெல்ட்டையே விட்டுட்டேன்.

வடிச்ச பழைய ஆயில் கேன்ல கிடக்கு. வீட்டு வேலை நடக்குது, மேஸ்திரி சென்ட்ரிங் பலகைக்குத் தடவக் கேக்கறார். கொடுக்கலாமா? அப்புறம், இடது பக்கம் செயின் கேஸ் அடியில சொட்டுது. இதுவரைக்கும் சொட்டல.

---

கொங்கு_ராடு

மேஸ்திரிக்குக் கொடுக்கறது ஊர் வழக்கம்தானுங்க, ஆனா மழை பெஞ்சா அது மண்ணுக்கும் கிணத்துக்கும்தான் போகும். அதுவும் உங்களுதுல உலோகத் தூள் கலந்திருக்குது. பழைய ஆயில் வாங்கறவங்க சர்வீஸ் ஸ்டேஷனுக்கு டிரம்மோட வருவாங்க, அங்க கொண்டுபோய் ஊத்திடுங்க.

---

ஒற்றியூர்_பழசு

சபாஷ். அடுத்த ஆயிலை முந்நூறுல மாத்து, அப்புறம் நான் ரெண்டாயிரத்துக்கு ஒரு தடவை மாத்தறேன், நீயும் அப்படியே பண்ணு.

செயின் கேஸ்: பட்டறையில இன்ஜின் ஆயில் மாத்தும்போது அதுக்கும் ஊத்தினாங்களான்னு கேளு. மட்டத் துளைக்கு மேல ஊத்தியிருந்தா சொட்டத்தான் செய்யும். மட்டம் சரியா இருந்து சொட்டினா, வெளிக் கவரை நடுவுல ஒரே ஒரு நட்டுதான் பிடிச்சிருக்கு, அதை மேல இறுக்காதே. இறுக்க இறுக்க கவர் வளைஞ்சு ஓரம் தூக்கும், இன்னும் சொட்டும். கழட்டி, சுத்தி ஓடற ரப்பர் வளையத்தைப் பார். கெட்டியாகி நசுங்கியிருந்தா புதுசு போடு. கவர் ஓரத்தைக் கண்ணாடித் தகடு மேல வெச்சு ஆடுதான்னும் பார்த்துக்க.

---

கரூர்_ஸ்டாண்டர்ட்

மட்டத் துளை போல்ட்டைத் தளர்த்தினதும் குபுகுபுன்னு வருதுண்ணே. துளை வரைக்கும் வடிய விட்டுட்டு ராத்திரி அடியில அட்டை போட்டு வெச்சுப் பார்க்கறேன்.